ஒரே மேசையில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம்

எங்கள் வீட்டில் தரம் 4 மகன், தரம் 2 மகள், அப்புறம் நான்கு வயதுக் கடைக்குட்டி. மூவருக்கும் தனித்தனி நேரசூசி போட்டால் அம்மாவுக்கு மூச்சு முட்டிவிடும். அதனால் பொதுவாகப் படிக்கக்கூடிய பாடத்தை முதலில் வையுங்கள். சுற்றாடல் பாடம் அதற்கு நல்ல பொருத்தம். இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பக்கம் வாசலைத் தாண்டினாலே தேயிலைதான். சின்னவள் இலைகளை எண்ணட்டும். நடுப்பிள்ளை இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்து பெயர் எழுதட்டும். பெரியவன், பச்சைக் கொழுந்து தூளாகும் வழியை வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், சலித்தல் என்று வரிசையாக எழுதட்டும்.

கணிதத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அது ஒவ்வொருவருக்கும் தனியாக, பதினைந்து இருபது நிமிடம். நீங்கள் ஒருவருடன் இருக்கும்போது மற்ற இருவரும் உங்களைக் கேட்காமலே செய்யக்கூடிய வேலை கையில் இருக்க வேண்டும். முழுத் திட்டத்துக்கும் உயிர் இதுதான். உறுப்பெழுத்து, தெரிந்த கதையை மறுபடி வாசிப்பது, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைப்பது போன்றவை போதும். இவற்றை முதல் நாள் இரவே மூன்று பைகளில் போட்டு வைத்துவிடுவேன்.

ஞாயிறு மாலை வாரத் திட்டத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள், நான்கு நாளுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை விட்டுப்போனதற்கு. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போகுமுன் இறக்கி வைத்துவிடுங்கள். தரம் 2 பிள்ளையிடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாளைத் தயவுசெய்து நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் அவள் சத்தமாக வாசிக்கட்டும், அண்ணனும் தங்கையும் கேட்கட்டும்.