கவுன்சலிங் அறைக்குள் முதல் தடவை நுழைபவர்களுக்கு

கவுன்சலிங் என்றாலே நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்ஜினியரிங் சீட்தான் ஞாபகம் வரும். முதலாமாண்டு மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில், "ஏதாவது மனக்கஷ்டம்னா பிள்ளைங்க கவுன்சலிங் அறைக்கு வரலாம்" என்று நான் சொன்னதும் ஓர் அம்மா எழுந்து, "அதுதான் முடிஞ்சு சீட்டும் கிடைச்சிருச்சே மேடம், இன்னும் எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அறை எதற்கு, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்கும் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தென் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறேன். பதினோரு வருடமாக மாணவர் ஆலோசனை மையத்துக்கும் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்துக்கும் நான்தான் பொறுப்பு. வாசலில் இரண்டு போர்டு, உள்ளே ஒரே அறை. ஆரம்பத்தில் இதைக் குறையாக நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. ரெஸ்யூமே திருத்த வந்த பையன் கல்விக்கடனைச் சொல்லி அழுதிருக்கிறான். அழுதுகொண்டே வந்த பெண்ணுக்கு, படிப்பு முடிந்ததும் கல்யாணமா வேலையா என்பதுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது. வேலைக் கவலையும் மனக் கவலையும் சேர்ந்தேதான் வருகின்றன.

எப்போது போவது? வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, ஹால் டிக்கெட் நிறுத்திய பிறகு போனால் என்னால் மன்னிப்புக் கடிதம் எழுதத்தான் உதவ முடியும். இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை, முதல் பீரியடுக்கு எழுந்து போக முடியவில்லை, மெஸ்ஸில் எல்லோரும் போன பிறகுதான் சாப்பிடப் போகிறீர்கள், அரியரை வீட்டில் மறைக்கிறீர்கள் என்றால் அந்த வாரமே போய்விடுங்கள். இடைவேளையில் வேண்டாம், வராந்தா நிறைய ஆள் இருக்கும். வகுப்பு நடக்கிற நேரத்தில், பாட ஆசிரியரிடம் "ஆபீஸ் வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாம். தனியாக வரத் தயக்கமாக இருந்தால் ஒரு தோழனையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் வெளியே பெஞ்சில் இருக்கட்டும்.

என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை. என் அறைக்கு எதிரே ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கிறது. ஒரு பையன் மூன்று நாள் அதன் முன்னால் நின்று, எப்போதோ முடிந்துபோன பஸ் பாஸ் அறிவிப்பையே படித்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவான் என்று தெரியும். கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தேன். நான்காம் நாள் உள்ளே வந்து, நான்காக மடித்த அசைன்மென்ட் தாளை மேஜையில் வைத்தான். பின்பக்கத்தில் மூன்று வரி: "ஹாஸ்டல் ஃபீஸ் கட்டலை. அரியர் 4. அப்பாவுக்குத் தெரியாது." ஒரு மணி நேரப் பேச்சுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே ஃபீஸைத் தவணையில் கட்ட முதல்வருக்குக் கடிதம் எழுதினோம். அப்பாவிடம் எந்த நாள், யாரை உடன் வைத்துக்கொண்டு சொல்வது என்று முடிவு செய்தோம். நான்கு அரியரில் எந்த இரண்டை முதலில் எழுதுவது என்று பார்த்தோம். வாய் வரவில்லை என்றால் நீங்களும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

உட்கார்ந்ததும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒன்று, எதிரில் இருப்பவர் பயிற்சி பெற்ற உளவியலாளரா, என்னைப் போலப் பொறுப்பு ஆசிரியரா? இரண்டு, நான் சொல்வதைக் குறித்துவைப்பீர்களா, அந்த நோட்டு யார் கையில் இருக்கும்? மூன்று, எந்த விஷயத்தை யாரிடம் சொல்வீர்கள்? மனநல சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்பதுபோன்ற சில நிலைகளில் மட்டும் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும். என்னிடம் வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாத இடத்தில் உங்கள் வீட்டுக் கதையைத் திறக்க வேண்டாம்.

பொறுப்பு ஆசிரியர் டாக்டர் இல்லை. மருந்து தேவைப்படுகிற நிலையை எங்களால் தீர்க்க முடியாது. அதற்கு மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது, காசு கிடையாது. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். இரவு நேரத்தில் மனசு கனத்தால் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யலாம். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அரசின் சுகாதார உதவி எண்ணான 104ம் உண்டு. செத்துப்போகலாம் என்று தோன்றினால் என் அறை திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே பக்கத்தில் இருக்கும் ஒருவரை எழுப்புங்கள், அப்புறம் போன் செய்யுங்கள். அறைத் தோழர்களே, அப்படி ஒருவர் சொன்னால் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

சரி, வேலை விஷயத்துக்கு வருவோம். இதற்கு மூன்றாமாண்டு கடைசியில் வராமல் இரண்டாமாண்டிலேயே வாருங்கள். ரெஸ்யூமேயின் ஒரு பிரதியும் மதிப்பெண் பட்டியலும் போதும். பெரும்பாலும் எல்லா ரெஸ்யூமேயும் ஒரே கடையில் அடித்ததுபோல இருக்கும்: "கடின உழைப்பாளி, பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது." ஒரு பி.காம். மாணவியின் தாளிலும் அதுதான் இருந்தது. "வீட்டில் என்னம்மா வேலை செய்வே?" என்று கேட்டேன். "அம்மாவோட குழுவுக்குக் கணக்கு எழுதுவேன் மேம், அவ்வளவுதான்" என்றாள். பன்னிரண்டு பெண்கள் இருக்கிற மகளிர் சுய உதவிக் குழு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை மூன்றையும் அவள்தான் எழுதிவருகிறாள். அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னேன். கோடு போட்ட நீளமான நோட்டு, ஓரத்தில் எண்ணெய்க் கறை, ஓர் இடத்திலும் அடித்தல் இல்லை. "கடின உழைப்பாளி" வரியை எடுத்துவிட்டு, குழுக் கணக்கை வருடத்தோடு எழுதினோம். நேர்காணலில் அவளிடம் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். நீங்களும் வீட்டிலும் கடையிலும் வயலிலும் செய்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எது வேலைக்கு உதவும் என்று சேர்ந்து பார்க்கலாம்.

தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் படிப்புகளைச் சும்மா சான்றிதழுக்காக முடிக்காதீர்கள். உங்கள் பாடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டுச் சேருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தை வெறும் பதிவு செய்யும் ஆபீஸாக மட்டும் நினைக்கிறார்கள். பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது இருக்கட்டும். போட்டித் தேர்வுக்கு அங்கே இலவச வகுப்பு நடக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள்.

வேலைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிப் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆஃபர் லெட்டர் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள். பாண்ட் எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்ப்போம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் கம்பெனியிலும் விட்டுவராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். ஒரிஜினலை மீட்க இரண்டு வருடம் அலைந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் இந்த அறை உண்டு என்று ஆவணத்தில் இருக்கும். ஆனால் யாரும் வருவதில்லை. ஏன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், அலுவலகத் தம்பி ஒருவர் ஆலோசகரிடம் சொன்ன குடும்பப் பிரச்சினை ஒரே வாரத்தில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விட்டது. அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் ஊழியர்களுக்கு நான் சொல்வது: சொந்தக் கல்லூரி அறையில் மனசைத் திறக்க வேண்டாம். கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு எனக்கே மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல் போனபோது, பக்கத்து மாவட்ட மருத்துவமனைக்குத்தான் போனேன். பக்கத்துக் கல்லூரியோடு பேசி, அவர்கள் ஊழியர்கள் இங்கேயும் நம்மவர்கள் அங்கேயும் போகிற மாதிரி ஏற்பாடு செய்யச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகுதான் நாலு பேராவது போனார்கள்.

கௌரவ விரிவுரையாளர்கள் மே மாதம் சம்பளம் இல்லாமல் தவிக்கும்போதுதான் வேறு வழி தேடுகிறார்கள். அந்த மாதம் வருவதற்கு முன்பே வேலை வழிகாட்டலுக்கு வாருங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி போதும் என்று 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதியைத் திருத்தியது. நெட் வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. ஆய்வேட்டை முடித்துவிட்டுத்தான் மற்றது என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டவர்கள் எங்கள் துறையிலேயே இருந்தார்கள்.

முதல் தடவை வந்து பேசியதும் பாரம் குறைந்ததுபோல இருக்கும், இனி தேவையில்லை என்று தோன்றும். எழுந்திருக்கும் முன் அடுத்து வரும் நாளையும் நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வரி எழுதிவந்த பையனுக்கு அவனுடைய தாளின் கீழேயே "வியாழன், மூன்றாம் பீரியட்" என்று எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்காமல் நேராக உள்ளே வந்தான்.