நீர்த்தல் கணக்கு: விடை சரி, கரைசல் தவறு

மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் அண்மையில் ஒரு மாணவி அமிலத்தை நீர்த்து (நீர் சேர்த்துச் செறிவைக் குறைத்து) 500 மி.லி. கரைசல் தயாரிக்க, 500 மி.லி. வாலைவடிநீரை அளந்து வைத்துக்கொண்டு, அதில் 50 மி.லி. அமிலத்தைச் சேர்க்கப் போனார். மாணவப் பருவத்தில் நான் செய்த தவறும் அதுவே என்பதால் இதை எழுதுகிறேன். மி.லி.யை லிட்டராக மாற்ற மறப்பது போன்றவை நாலு கணக்குப் போட்டால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறுதிப் பருமனைச் சேர்க்க வேண்டிய நீர் என்று எண்ணுவது

முதல் செறிவையும் முதல் பருமனையும் பெருக்கினால் வருவது, இறுதிச் செறிவையும் இறுதிப் பருமனையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். 1 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.1 மோலார் கரைசல் 500 மி.லி. வேண்டுமென்றால், எடுக்க வேண்டியது 50 மி.லி. இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். ஆனால் அந்த 500 என்பது அமிலமும் நீரும் சேர்ந்த மொத்தப் பருமன், 500 மி.லி. நீரை ஊற்றினால் மொத்தம் 550 ஆகி, செறிவு 0.091 மோலாருக்குக் குறைந்துவிடும்.

வகுப்பு முழுவதற்கும் நான் அப்படித்தான் ஒருமுறை தயாரித்துக் கொடுத்தேன். 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 20 மி.லி. அமிலம் செலவாக வேண்டிய தரம்பார்த்தலில் (ஒரு கரைசலை மற்றொன்றில் சிறிது சிறிதாகச் சேர்த்து, வினை முடியும் அளவைக் காணும் முறை), யார் செய்தாலும் 22 மி.லி.யில்தான் நிறங்காட்டியான பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறைந்தது. எல்லோருடைய அளவீடும் ஒத்துப்போனதால் அமிலத்தின் மேல் யாருக்கும் ஐயம் வரவில்லை. குறையில்லாத காரக் கரைசலைக் கொட்டிவிட்டு, இரண்டு பாடவேளை செலவழித்துப் புதிதாகத் தயாரித்தோம். அதற்கும் 22 மி.லி.தான் வந்தது. கணக்குத் தாளில் ஒரு எண்கூடப் பிழையில்லாமலே இப்படி நடந்துவிடுவதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது.

சேர்க்கும் நீரை அளக்கவே வேண்டாம். 50 மி.லி. பிப்பெட்டால் அமிலத்தை எடுத்து 500 மி.லி. அளவுக்குடுவையில் விட்டு, கழுத்திலுள்ள கோடு வரை நீரால் நிரப்பி, மூடியிட்டுப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள்.

பத்து மடங்கு நீர்த்தல்

ஒரு பங்கு கரைசலுக்கு ஒன்பது பங்கு நீர்.

நார்மாலிட்டியையும் மோலாரிட்டியையும் கலப்பது

அமில–காரத் தரம்பார்த்தலில் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால், 1 மோலார் கந்தக அமிலம் 2 நார்மல் ஆகும். ஆகவே மேலே சொன்ன செறிவு, பருமன் சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டிய குடுவை

கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். மிகுதியை உறிஞ்சி எடுத்தால் நீரோடு அமிலமும் போய்விடும்.

சூடு ஆறுமுன் கோடு வரை நிரப்புவது

அடர் கந்தக அமிலத்தை, ஆசிரியர் அருகிலிருக்க, நீரில்தான் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது. கரைசல் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே கோடு வரை நிரப்புங்கள். சூட்டோடு நிரப்பினால், ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.