அடுக்களை டப்பாக்களுக்குப் பிரெயில் லேபிள்

அடுக்களை டப்பாக்களுக்குப் பிரெயில் (பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து) லேபிள் எழுதத் தாளை எடுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் ஃபைல் கவரை வெட்டிக்கொள்ளுங்கள். ஈரக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் தாளில் புள்ளிகள் சீக்கிரம் அமுங்கிவிடும். பிளாஸ்டிக்கில் எழுதியதைக் கழுவித் துடைத்தும் வாசிக்கலாம்.

பிரெயில் எழுதும் வழக்கமான சிலேட்டும் (கட்டங்கள் உள்ள சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தும் ஊசி) போதும். புள்ளிகள் மறுபக்கம் எழும்புவதால் வலமிருந்து இடமாக, தாளுக்குக் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக அழுத்தி எழுதுங்கள். ரொம்ப அழுத்தினால் புள்ளி எழும்பாமல் ஓட்டை விழும். அதன் கூர்முனை விரலைக் கீறும். ‘உப்பு’ என்பதற்கு ஐந்து கட்டங்கள்தான், ஏறக்குறைய 3 செ.மீ.

வாசிக்கும் பக்கத்தில் மேல் வலது மூலையை மட்டும் சாய்வாக நறுக்கிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. தலைகீழாகப் பிடித்தால் ‘ப’ (புள்ளிகள் 1, 2, 3, 4), எண் வருவதைக் காட்டும் குறியாக (புள்ளிகள் 3, 4, 5, 6) மாறிவிடும். நறுக்கிய மூலை தட்டுப்பட்டால் அந்தக் குழப்பம் வராது.

பசை வேண்டாம். ரப்பர் பேண்டு போட்டு டப்பாவின் உடலில் மாட்டுங்கள். மூடியில் கூடாது, மூடிகள் இடம் மாறும். சாமான் தீர்ந்ததும் லேபிளைக் கழற்றிக் கடைப்பையில் போட்டால் அதுவே வாங்கவேண்டிய பட்டியல்.

அடுப்பருகே சூடாகும் பாத்திரங்களுக்கு இது ஒத்துவராது. கெட்டியான பிளாஸ்டிக்கில் புள்ளி எழும்பாது. அண்மையில் பார்வை இழந்து, பிரெயில் இன்னும் பழகாதவர்களுக்கு உப்புக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு என்ற கணக்கே இப்போதைக்குக் கைகொடுக்கும்.