முன்னெழுத்தால் தடைபட்ட பயணம்

சென்னையில் சேமித்து வைத்திருந்த எங்கள் மூன்று உறையவைத்த கருக்களை வாடகைத்தாய் ஏற்பாட்டுக்காகக் கலிபோர்னியாவுக்கு அனுப்ப முற்பட்டபோது, முதலில் குறுக்கே நின்றது என் கணவரின் முன்னெழுத்துதான். மருத்துவமனைப் பதிவேட்டிலும் கருக்களை வைத்திருந்த ஸ்ட்ரா எனும் மெல்லிய குழாயின் சீட்டிலும் ஓரெழுத்தாக இருந்த மாமனாரின் பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக முழுமையாக நீண்டிருந்தது. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, சொந்தக் கருவைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பவும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதால், இதை அலட்சியப்படுத்த இயலவில்லை. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பதிவேட்டு எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனையிடமும் கடிதம் பெற்று இணைத்த பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. (தமிழருக்கு இது புதிய தலைவலி அல்லவே!)

கலிபோர்னியாவில் உள்ள மருத்துவமனை, கருமுட்டை எடுத்த சமயத்தில் எங்கள் இருவருக்கும் செய்த தொற்றுநோய்ப் பரிசோதனை முடிவுகளையும் கேட்டது. பழைய கோப்பில் அவை இருந்தன.

கருக்கள் சென்றது ட்ரை ஷிப்பர் எனும் கலத்தில். திரவ நைட்ரஜன் அதன் உட்சுவரில் ஊறி நிற்பதால், கவிழ்ந்தாலும் சிந்தாது. முந்தைய நாளே நிரப்பி, மாலையிலும் காலையிலும் எடை போட்டுப் பார்க்குமாறு வற்புறுத்தினேன். எடை சட்டென்று குறைந்தால் கலத்தில் கோளாறு என்று பொருள். எக்ஸ்ரே கூடாது என்ற சீட்டை நானே இருபுறமும் ஒட்டினேன். சென்று சேர்ந்ததும் வெப்பப் பதிவுக் கருவியின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். வழி நெடுக மைனஸ் 190 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை.