வீட்டில் திடீர் மரணம்: பொலிஸ் ஏன் வருகிறது, என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

செத்த வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றால் போதும், "என்னவோ நடந்திருக்கு" என்ற கதை அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். எங்கள் பகுதி மரண உதவிச் சங்க வேலைகளில் கூட நிற்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதைதான் பெரிய வேதனை. இப்படியான மரணங்களில் பெரும்பாலானவை மாரடைப்பு, பாரிசவாதம், முற்றிய சீனி வருத்தம் போன்றவைதான். சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான் பொலிஸ் வருகிறது. எதைக் கேட்பார்கள், எதைப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த குடும்பத்துக்குப் பாதிப் பதற்றம் குறையும். திருகோணமலையில் இருப்பவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: இது விசாரணைக்குரிய மரணமா?

எல்லா மரணத்துக்கும் பொலிஸ் தேவையில்லை. நீண்ட நாள் புற்றுநோயில் படுக்கையில் இருந்தவர், வைத்தியர் பார்த்துவந்த முதியவர் வீட்டில் காலமானால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தால் போதும். வைத்தியசாலையில் சிகிச்சையில் இருந்து இறந்து, காரணமும் தெரிந்திருந்தால் அங்குள்ள வைத்தியரே மரண காரணத்தை எழுதிவிடுவார்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை வேறு சில மரணங்களைத் தனியாகச் சொல்கிறது. தற்கொலை, விலங்கு தாக்கி இறப்பது, இயந்திரத்தாலோ விபத்தாலோ இறப்பது, அடுத்ததாகத் திடீரென்று அல்லது காரணம் தெரியாமல் இறப்பது. இயற்கை மரணங்கள் விசாரணைக்குள் வருவது இந்தக் கடைசி வகையால்தான். இரவு சாப்பிட்டுப் படுத்த அப்பா காலையில் எழும்பவில்லை. கடலுக்குப் போனவர் தோணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. இவை எல்லாம் அதில் அடங்கும்.

"வயதானவர்தானே, பேசாமல் எடுத்துவிடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பிறகு மரணச் சான்றிதழ், ஓய்வூதியம், காப்புறுதி, காணி உறுதி என்று எதைத் தொட்டாலும் சிக்கல் வரும். சந்தேகம் கிளம்பினால் நீதிமன்ற உத்தரவில் புதைத்த உடலைத் தோண்டி எடுக்கவும் நேரும்.

படி 2: அறிவியுங்கள், உடலை அப்படியே விடுங்கள்

உயிர் இருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் முதலில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். இறந்துவிட்டார் என்பது உறுதியானால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். நகரத்துக்குத் தலைமையகப் பொலிஸ், மற்ற இடங்களுக்கு உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று தனித்தனி நிலையங்கள் உண்டு. எந்த நிலையம் என்று குழப்பமாக இருந்தால் 119.

அடுத்ததுதான் கஷ்டம். நாடிக் கட்டு, பெருவிரல் கட்டு, குளிப்பாட்டு, புதுச் சேலை என்று பெரியவர்கள் உடனே தொடங்கிவிடுவார்கள். அதைக் கொஞ்சம் பிந்திச் செய்யச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியால் மூடலாம், தலைமாட்டில் விளக்கு வைக்கலாம், தேவாரமோ குர்ஆனோ ஓதலாம். குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் அதிகாரிகள் பார்த்த பிறகுதான். வாந்தி, சிந்திய தேநீர், பாதி குடித்த மருந்து, குளியலறையில் விழுந்திருந்தால் தரையில் இருக்கும் இரத்தம், எதையும் துடைக்க வேண்டாம். துடைத்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் கேள்வி வரும்.

படி 3: கிளினிக் கொப்பியைத் தேடி எடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த விளக்கத்தில் முக்கியமானது இதுதான். கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் துண்டு வெட்டும்போது தந்த அட்டை, பழைய இ.சி.ஜி, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், பாவித்துவந்த குளிசைகள், இறந்தவரின் தேசிய அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். "ஐயாவுக்குப் பிரசர் இருந்தது" என்று பத்துப் பேர் சொல்வதைவிட, போன மாதம் வைத்தியர் எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

படி 4: பொலிஸார் வீட்டில் என்ன செய்வார்கள்?

தகவல் கிடைத்ததும் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் பதிவார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவு, யன்னல், படுக்கை, சுற்றியுள்ள பொருட்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பூட்டு உடைந்திருக்கிறதா, மருந்துப் போத்தலோ பூச்சிநாசினியோ பக்கத்தில் கிடக்கிறதா என்று கவனிப்பார்கள். பிறகு உடலைத் தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். கழுத்து, நகம், வாயோரம், உள்ளங்கை. கடைசியில் உடலைப் புரட்டி முதுகையும் பார்ப்பார்கள்.

புரட்டும் அந்த நேரத்தில்தான் சத்தம் கிளம்பும். முதுகிலும் தொடையின் பின்பக்கத்திலும் கருஞ்சிவப்பாகத் திட்டுகள் தெரியும். "ஐயோ, அடிச்சிருக்கிறாங்கள்!" என்று யாரோ ஒரு சொந்தக்காரர் கத்திவிடுவார். அது அடிகாயம் இல்லை. இதயம் நின்றதும் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கத்துக்கு இறங்கித் தேங்குகிறது. மல்லாக்கப் படுத்தபடி இறந்தவருக்கு அது முதுகுப் பக்கம் தெரியும். தோள்பட்டையும் பிட்டமும் பாயில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளிறி இருக்கும். நேரம் போகப் போக, சுமார் 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள், நிறம் அந்த இடத்திலேயே நிலைத்துவிடும். விசாரிப்பவர்களுக்கு இது பயனுள்ள அடையாளம். குப்புறக் கிடந்ததாகச் சொல்லப்பட்டவருக்கு முதுகில் மட்டும் திட்டு இருந்தால், உடலைப் புரட்டியது யார், எப்போது என்று கேட்பார்கள். ஆகவே நீங்கள் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதறிப்போய்த் தூக்குவது இயல்பு, யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை.

படி 5: வாக்குமூலம்

கடைசியாக உயிருடன் பார்த்தவர், முதலில் கண்டவர், நெருங்கிய உறவினர். பொதுவாக இவர்களிடம்தான் கேட்பார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன வருத்தம் சொன்னார், குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் மனக்கசப்பு ஏதாவது இருந்ததா? கடைசிக் கேள்வி சுடும். முதல் நாள் சண்டை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் மறைத்ததைப் பக்கத்து வீட்டார் சொன்னால், இயற்கை மரணம்கூடச் சந்தேகமாக மாறிவிடும்.

தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.

படி 6: விசாரணை அதிகாரியின் முடிவு

திடீர் மரண விசாரணை அதிகாரி உடலைப் பார்த்து, உறவினரைக் கொண்டு அடையாளம் காட்டுவித்து, சாட்சியம் பதிவார். காரணம் தெளிவு என்று அவருக்குப் பட்டால் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்படும். சந்தேகம் இருந்தால் பிரேத பரிசோதனைக்குச் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். பொலிஸ், சிறைக் காவலில் நடந்த மரணம் என்றால் நீதவான் விசாரிப்பார்.

பிரேத பரிசோதனை என்றதும் பயம் வேண்டாம். வெட்டித் தைத்த உடலைக் குளிப்பாட்டலாம், முகம் பார்க்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் அன்றே ஜனாஸாவை அடக்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும். அதை ஆரம்பத்திலேயே நிதானமாகச் சொல்லுங்கள், முடிந்தவரை விரைவாகச் செய்து தருவார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு உடலோடு படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தாமதம் இல்லை. பரிசோதனையிலும் காரணம் தெரியாவிட்டால் மாதிரிகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அதன் முடிவு வர நாளாகும், ஆனால் பொதுவாக உடலை அதுவரை வைத்திருக்க மாட்டார்கள். தகனம் செய்யாமல் புதைக்கும்படி உத்தரவு வந்தால் அப்படியே செய்யுங்கள்.

படி 7: பதிவு

மரணம் நடந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதிய வேண்டும், இறந்தவரின் சொந்த ஊரில் அல்ல. கிண்ணியாக்காரர் நகரில் உறவினர் வீட்டில் காலமானால் நகரப் பிரிவில்தான் பதிவு. வீட்டு மரணத்தை 5 நாட்களுக்குள் அறிவியுங்கள். 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவுக்கான தனி நடைமுறைக்குள் போக வேண்டிவரும். விசாரணை நடந்த மரணத்துக்கு விசாரணை அதிகாரியின் அறிக்கை பதிவாளரிடம் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்து வைக்கும் முன் இறந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர் மூன்றையும் அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒப்பிடுங்கள். ஓரெழுத்துப் பிழைக்காக வங்கியில் திருப்பி அனுப்பப்பட்ட விதவைகளோடு நான் பிரதேச செயலகப் படி ஏறியிருக்கிறேன். பிரதியும் ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து எடுத்து வையுங்கள்.