ஊர் அரசியலை எழுதுபவர் நன்றி சொல்வது எப்படி?

தமிழ்நாட்டில் நன்றி அறிவிப்பும் அரசியலின் ஓர் அங்கம். தேர்தல் முடிவு வந்த மறுநாளே வாக்காளர்களை நோக்கிக் கைகூப்பும் சுவரொட்டிகள் தெருவுக்கு வந்துவிடும். வென்றவர் திறந்த வாகனத்தில் ஊர் ஊராகச் சென்று நன்றி சொல்வார். பொதுக்கூட்டமென்றால் இறுதியில் நன்றியுரை உண்டு, அதைக் கேட்கத்தான் கூட்டம் இருக்காது. ஓர் ஊராட்சியின் தீர்மானங்களையும் வரவு செலவையும் ஆண்டு முழுவதும் எழுதிவந்த ஒருவர், தம்மைப் படித்தவர்களுக்கும் தமக்குத் துணைநின்றவர்களுக்கும் நன்றி கூற நினைக்கும்போது, முன்மாதிரியாக அவர் கண்முன் நிற்பவை இந்த முறைகள் மட்டுமே. ஆனால் அவருடைய நன்றி வாக்குக் கேட்டவரின் நன்றியைப் போல இருக்க முடியாது. அதை எப்படி எழுதுவது என்பதை, நானே சில முறை தவறாக எழுதிக் கற்றுக்கொண்ட அளவில், இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை பட்டியல் போடுவது. நம் வீடுகளில் உதவியைப் பதிவு செய்வதற்கு மொய் நோட்டு என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது: பெயர், ஊர், தொகை. அதில் ஒரு பெயர் விடுபட்டால் பல ஆண்டு மனத்தாங்கல் வந்துவிடும். உள்ளூர் அரசியலை எழுதுகிறவரின் நோட்டில் நிலைமை தலைகீழானது. இங்கே பெயர் வெளியே தெரிந்தால்தான் கொடுத்தவருக்குச் சங்கடம். ஆகவே நோட்டின் முதல் நெடுவரிசையில் பெயரை எழுதாமல் செயலை எழுதுங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கித் தந்தது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தம் பெயரிலேயே மனுப்போட்டது, பதில் வராதபோது மேல்முறையீட்டையும் எழுதியது, புதிதாகப் போட்ட சாலையை அதிகாலையில் நாடா பிடித்து அளந்தது, அச்சுக் கூலிக்குப் பணம் தந்தது, எழுதியதில் பிழை என்று சொன்னது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். அடுத்த நெடுவரிசையில், இந்தச் செயலை வெளியே சொன்னால் செய்தவர் யாரென்று ஊருக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். பெயரை நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மட்டும், உங்களுக்கு மட்டும் விளங்கும் ஓர் அடையாளத்தை ஓரத்தில் இட்டுக்கொள்ளலாம்.

இந்த இரண்டாம் நெடுவரிசையை நிரப்புவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தகவல் கேட்டு மனுப்போடுவது எளிய காரியமாகத் தோன்றும். கட்டணம் 10 ரூபாய்தான், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று 2005ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது, 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் அந்த மனுவில் இருக்கும் பெயரும் முகவரியும் அலுவலகத்துக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரிந்தது டீக்கடைக்கு வர அதிக நாள் ஆகாது. அதற்கும் மேலே, நீங்கள் நன்றி என்ற பெயரில் அதை உறுதிப்படுத்திக் கொடுத்தால், அதுவரை ஊகமாக இருந்தது சாட்சியமாகிவிடும். அரசு ஊழியர் ஒருவர் ஏதேனும் சொல்லி உதவியிருந்தால் நிலைமை இன்னும் கடினம்; 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அனுமதியின்றித் தகவல் தருவதைத் தடை செய்கின்றன, ஆகவே உங்கள் அன்பான ஒரு வரியே அவருக்கு வரும் குறிப்பாணையின் இணைப்பாக மாறக்கூடும்.

செய்தி தந்தவரை மறைக்கும் உரிமை எழுதுபவருக்குச் சட்டப்படி இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டத்தில், தகவல் வந்த வழியைச் சொல்லும்படி செய்தித்தாளையோ பத்திரிகையாளரையோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருப்பது உண்மை; ஆனால் அது அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும் பொருந்துவது, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பொருந்துவதன்று. ஆகவே, சட்டம் தரும் காப்பைவிட நீங்கள் எழுதாமல் விடும் சொல் தரும் காப்பே பெரிது என்று கருதி எழுத வேண்டும்.

பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதாது. “ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றும் நண்பருக்கு” என்று எழுதினால், அந்தப் பிரிவில் இருப்பவர்கள் மூன்று பேர் என்பதும், அதில் ஒருவர் உங்களோடு பள்ளியில் படித்தவர் என்பதும் ஊரறிந்த விஷயம். துறை, பதவி, பாலினம், தெரு, உதவி கிடைத்த மாதம் ஆகிய ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஒரு வாக்கியத்தில் வரக் கூடாது என்பதை நான் விதியாக வைத்திருக்கிறேன். முடிந்தால் அந்த ஒன்றும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஒரு வகையினர் உண்டு. வார்டு உறுப்பினர், கட்சியின் கிளைச் செயலாளர், அடுத்த முறை தலைவர் பதவிக்கு நிற்க நினைப்பவர் ஆகியோர் உங்களுக்கு ஓர் ஆவணத்தைக் கொடுத்திருந்தால், அது உங்கள்மேல் கொண்ட அன்பினால் மட்டும் வந்திருக்காது. அப்படிப்பட்டவருக்குப் பெயரில்லாமல் நன்றி சொல்வது வாசகரை ஏமாற்றுவதாகும். பெயர், பதவி, கட்சி மூன்றையும் போட்டு, தந்தது என்ன என்பதையும் சொல்லி, அதை நீங்கள் வேறு எந்த வழியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரிடம், ஆவணத்தைக் கொடுக்கும் நேரத்திலேயே, இந்த நிபந்தனையைச் சொல்லிவிடுவது நல்லது. எளியவரின் பெயரை மறைப்பதும் அதிகாரத்தில் இருப்பவரின் பெயரைத் திறந்து வைப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். இரண்டும் வாசகரின் நலனை முன்வைத்தே செய்யப்படுகின்றன என்பதே என் பதில்.

பெயர் போட நினைப்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், நேரில் கேளுங்கள். எழுதப் போகும் வரியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். “அதெல்லாம் எதற்குங்க” என்று ஒருவர் சொன்னால் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்றே பொருள் கொள்ளுங்கள். வீட்டாரையும் இதில் மறந்துவிடக் கூடாது. நீங்கள் எழுதியதற்கு வந்த கோபமான தொலைபேசி அழைப்புகளை எடுத்தவர் பெரும்பாலும் உங்கள் மனைவியோ தாயாரோதான், அவர்களுடைய பெயரையும் கேட்டுத்தான் போட வேண்டும்.

பணம் தந்தவர்களுக்கு நன்றி சொல்வதில் மொய் நோட்டின் பழக்கம் கையை இழுக்கும். அதிகம் தந்தவரை முதலில் வைத்துத் தொகை வாரியாகப் பட்டியலிட்டால், நூறு ரூபாய் தந்தவர் அடுத்த ஆண்டு தரக் கூசுவார், பத்தாயிரம் தந்தவர் தம்மைப் பற்றி நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கத் தொடங்குவார். ஆகவே மொத்த வரவு எவ்வளவு, எத்தனை பேர் தந்தார்கள், அச்சு, நகல், பயணம் என்று எதற்கு எவ்வளவு செலவானது, மீதி என்ன என்ற நான்கையும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்குக் காட்டுவதைக் காட்டிலும் மரியாதையான நன்றியை நான் அறிந்ததில்லை. வங்கிக் கணக்கின் படத்தை அப்படியே எடுத்துப் போடுகிற வழக்கம் பரவிவருகிறது; அதில் தந்தவரின் பெயரும் சில நேரம் தொலைபேசி எண்ணும் தெரியும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நன்றிக் குறிப்பை எழுதும் நாளே வரவைச் சட்டத்தின் கண்ணாலும் பார்க்க வேண்டிய நாள். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு. பதிவு பெற்ற இதழின் ஆசிரியரோ நிருபரோ உரிமையாளரோ வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெறக் கூடாது என்று 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம் தடுக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியக் குடியுரிமையோடு இருக்கும் ஊர்க்காரர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வேறு. பின்னவருக்குப் பணத்தைத் திருப்பியனுப்பி, நன்றியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் ஒப்பந்த வேலை எடுப்பவர் தீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய உறைக்கும் இதே வழிதான், ஆனால் திருப்பிக் கொடுத்ததைக் குறிப்பில் எழுதிப் பெருமை தேடிக்கொள்ள வேண்டாம்.

பிழை காட்டியவருக்குச் சொல்லும் நன்றியில்தான் எழுதுகிறவரின் தரம் தெரியும். ஒரு முறை நான் ஒரு வடிகால் வேலைக்கு இவ்வளவு பணம் வழங்கப்பட்டுவிட்டது என்று எழுதினேன். நான் பார்த்திருந்தது மதிப்பீட்டுத் தொகையை. மதிப்பீடு வேறு, ஒப்பந்தத் தொகை வேறு, எம்-புக் என்று வழங்கும் அளவுப் புத்தகத்தில் பதிந்து அதன்படி வழங்கப்படும் தொகை வேறு என்பதை ஒரு வாசகர் பொறுமையாக விளக்கினார். (அவர் யார் என்பதை இங்கும் சொல்ல மாட்டேன்.) அந்த ஆண்டு நன்றிக் குறிப்பில், “பிழையைச் சுட்டியவர்களுக்கு நன்றி” என்று பொதுவாக எழுதி நழுவப் பார்த்தேன். அது நன்றியன்று. நான் எழுதியது என்ன, சரியானது என்ன, அதனால் யாருக்கு நான் அநியாயம் செய்தேன் என்ற மூன்றையும் எழுதி, பிறகே நன்றி என்ற சொல்லைப் போட வேண்டியிருந்தது. கடுமையாக மறுத்து வாதிட்டவர்களுக்கும் நன்றி சொல்லலாம், ஆனால் குத்தலில்லாமல் சொல்ல முடிந்தால் மட்டும்.

மொழியைப் பற்றிச் சில சொற்கள். “கோடானு கோடி நன்றிகள்”, “நெஞ்சம் நெகிழ்ந்த நன்றி”, “பொற்பாதங்களில் சமர்ப்பணம்” ஆகியவை சுவரொட்டியின் சொத்து, அங்கேயே இருக்கட்டும். நன்றி என்ற சொல்லுக்குப் பன்மை தேவையா என்ற இலக்கண வழக்கில் நான் தேவையில்லை என்னும் பக்கம். “உங்கள் பேராதரவு என்றென்றும் தொடர வேண்டும்” என்று முடிக்கும் வாக்கியம் நன்றியை விண்ணப்பமாக மாற்றிவிடுகிறது. “நீங்கள் இல்லையேல் நான் இல்லை” என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதைப் படிக்கும் கட்சிக்காரர் உங்களை யார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்குவார். இவற்றுக்குப் பதிலாக, “மேல்நிலைத் தொட்டி பற்றிய தீர்மானத்தின் நகல் இரண்டு முறை கேட்டும் கிடைக்காதபோது, மூன்றாம் முறையும் கேட்டு வாங்கித் தந்தவருக்கு நன்றி, அந்த நகல் இல்லாமல் அந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது” என்பது போல, செயலும் அதன் பயனும் மட்டும் இருக்கும் வாக்கியத்தை எழுதுங்கள். செய்தவர் படித்ததும் தம்மைத்தான் சொல்கிறார் என்று அறிந்துகொள்வார், மற்றவர் அறிய மாட்டார்.

எப்போது வெளியிடுவது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தேர்தல் அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் வேண்டாம். அப்போது எதை எழுதினாலும் ஒரு பக்கத்துக்கு ஆதரவாகவே படிக்கப்படும். எந்தத் தலைவரின் பிறந்த நாளிலும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட்ட வேண்டும் என்று 2022இல் முடிவு செய்யப்பட்டது. பொங்கலை ஒட்டி நன்றிக் குறிப்பை வெளியிட்டால், குடியரசு நாள் கிராம சபைக்கு இரண்டு வாரம்கூட இராது. அந்தக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று கடைசி வரியில் வாசகரை அழைக்கலாம்.

வெளியிடுவதற்கு முந்தைய நாள், ஊர் விவகாரங்களில் மூக்கை நுழைப்பதில் தேர்ந்த, உங்கள் அரசியலுக்கு எதிரான, ஆனால் நாக்கைக் கட்டிக்கொள்ளத் தெரிந்த ஒருவரிடம் குறிப்பைப் படித்துக் காட்டி, ஒவ்வொரு வரியும் யாரைக் குறிக்கிறது என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஊகத்துக்குள் சரியான பெயரைச் சொல்லிவிட்டால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்துவிடுங்கள். அவருக்கான நன்றியை நேரில் போய், ஒரு காபி குடித்து, சொல்லிவிட்டு வந்தால் போதும்.

பணக் கணக்கையும் மூல ஆவணங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரி அலுவலகம் கேட்டாலும், அவதூறு வழக்கு வந்தாலும் அவை வேண்டியிருக்கும். யார் என்ன செய்தார் என்று அடையாளமிட்ட அந்த நோட்டை மட்டும், மொய் நோட்டைப் போலப் பெட்டியில் பூட்டி வைக்காமல், போகியன்று வாசலில் பழைய பாயோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.