லியாவோனிங் மாகாணத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லியாவோனிங் என்ற பெயர் தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் ஒரு கப்பலின் பெயராகவே வருகிறது. சீனக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் 2012 செப்டம்பரில் பணியில் சேர்க்கப்பட்டபோது, அதைச் செப்பனிட்டு முடித்த டாலியன் கப்பல் கட்டும் தளம் எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அந்த மாகாணத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மாகாணத்தைப் பற்றி எழுதப்படுபவை குறைவு; அவற்றிலும் பிழைகள் மலிந்திருக்கின்றன. அவற்றுள் பல ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: ஒரு காலத்துக்குரிய பெயரையும் எல்லையையும் எண்ணையும் இன்னொரு காலத்தின்மேல் ஏற்றிவிடுவது.

முதலில் இடக்குழப்பம். மஞ்சூரியா, வடகிழக்குச் சீனம், லியாவோனிங் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை எழுதுவது வழக்கமாகிவிட்டது. லியாவோனிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் என்னும் மூன்று மாகாணங்கள் சேர்ந்ததே வடகிழக்கு. மஞ்சூரியா என்ற பழைய சொல் அவற்றோடு உள் மங்கோலியாவின் கிழக்குப் பகுதியையும் உள்ளடக்கியது. லியாவோனிங் இவற்றில் தெற்கோரத்தில் உள்ள ஒன்று மட்டுமே. டாச்சிங் எண்ணெய் வயலும் ஹார்பினின் பனிச் சிற்ப விழாவும் ஹெய்லோங்ஜியாங்கைச் சேர்ந்தவை. ஜப்பானியர் 1932 இல் அமைத்த மஞ்சுகுவோ பொம்மை அரசின் தலைநகரமான சாங்சுன் ஜிலினில் இருக்கிறது. லியாவோனிங்குக்கு என்று தனியே ஓர் எண்ணெய் வயல் பான்ஜினில் உண்டு; அதன் பெயர் லியாவோஹெ. இந்த மாகாணத்துக்கு ரஷ்யாவோடு எல்லையும் கிடையாது. யாலு ஆற்றுக்கு அப்பால் வட கொரியா இருக்கிறது. மற்றப் பக்கங்களில் ஜிலின், உள் மங்கோலியா, ஹெபெய் ஆகியவை.

வடகிழக்கு என்றதும் சைபீரியாவை நினைத்துக்கொள்வதும் தவறுதான். மாகாணத் தலைநகரமான ஷென்யாங் ஏறத்தாழ ரோம் நகரத்தின் அட்சரேகையில் இருக்கிறது. குளிர் கடுமையானதுதான் என்றாலும், இங்கே கவனிக்க வேண்டியது குளிரை அல்ல, கடலை. மூன்று வடகிழக்கு மாகாணங்களில் கடற்கரை உள்ளது லியாவோனிங்குக்கு மட்டுமே. அந்தக் கடற்கரையும் ஒரே தன்மையுடையது அன்று. லியாவோ ஆற்றின் முகத்துக்கு அருகிலுள்ள யிங்கோ துறைமுகம் 1861 இல் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டு, சோயா மொச்சை ஏற்றுமதியால் செழித்தது. ஆனால் குளிர்காலத்தில் அந்த வளைகுடா உறைந்துவிடும். லியாவோடொங் தீபகற்பத்தின் தென்முனையிலுள்ள டாலியனும் லூஷுனும் உறைவதில்லை. 1898 இல் ரஷ்யா இவ்விரண்டையும் 25 ஆண்டுக் குத்தகைக்கு வற்புறுத்தி வாங்கியதற்கும், பின்னர் டாலியன் யிங்கோவை முந்தியதற்கும் இந்தப் பனிக்கட்டிக் கணக்கு முக்கியக் காரணம்.

பெயர்களில் தடுக்கி விழாதவர் அரிது. போர்ட் ஆர்தர் என்பதும் லூஷுன் என்பதும் ஒரே ஊர். டால்னி, டைரென், டாலியன் மூன்றும் ரஷ்யர், ஜப்பானியர், சீனர் வாயில் ஒரே நகரத்தின் பெயர்கள். முக்டென், ஃபெங்டியென், ஷென்யாங் என்பவையும் அப்படியே. 1905 இல் ரஷ்ய-ஜப்பானியப் போரின் மிகப் பெரிய தரைப்போர் நடந்த முக்டெனும், 1931 செப்டம்பர் 18 அன்று ஜப்பானியப் படையே தண்டவாளத்தில் வெடிவைத்துவிட்டுச் சீனர்மேல் பழி போட்ட முக்டெனும் இன்றைய ஷென்யாங்தான். வட கொரிய எல்லையிலுள்ள டான்டொங் 1965 வரை ஆன்டொங் எனப்பட்டது. மாகாணத்தின் பெயரே 1929 இல்தான் லியாவோனிங் ஆயிற்று. அதற்கு முன் ஃபெங்டியென். மஞ்சுகுவோ பழைய பெயரை மீட்டது. 1949 க்குப் பிறகு லியாவோடொங், லியாவோஷி என இரண்டு மாகாணங்கள் இருந்து, 1954 இல் ஒன்றாயின. 1969 முதல் 1979 வரை இன்றைய உள் மங்கோலியாவின் சிஃபெங் பகுதியும் லியாவோனிங்கோடு இருந்தது. ஆகவே, 1970 களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைய பரப்போடு (சுமார் 1.48 லட்சம் சதுர கிலோமீட்டர்) ஒப்பிட முனைபவர் இந்தச் சேர்ப்பையும் பிரிப்பையும் அறிந்திருக்க வேண்டும்.

மஞ்சுக்களின் தாயகம் என்பதால் இங்கே மஞ்சுக்களே பெரும்பான்மையினர் என்று கருதுவதும் உண்டு. மஞ்சுத் தலைவர் நூர்ஹாசி 1625 இல் தன் தலைநகரத்தை ஷென்யாங்குக்கு மாற்றினார். அங்கே எழுந்த அரண்மனை இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். சீனாவின் மஞ்சுக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இம்மாகாணத்தில் வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் மிகப் பெரும்பான்மையினர் ஹான் சீனரே. அவர்கள் அனைவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷான்டொங்கிலிருந்து கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள் என்று அடுத்த தவறைச் செய்துவிடக் கூடாது. அந்தப் பெருங்குடியேற்றம் நிகழ்ந்தது மெய். ஆனால் லியாவோ ஆற்றின் தென்பகுதி மிங் பேரரசு (1368–1644) காலத்திலேயே லியாவோயாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு ஹான் சீனர் வாழ்ந்த படைப் பகுதியாக இருந்தது. வடக்கே ஹெய்லோங்ஜியாங்குக்குப் பொருந்தும் குடியேற்றக் கதை இங்கே அப்படியே பொருந்தாது.

இனித் தொழில்துறைக்கு வருவோம். "இந்தத் தொழிற்சாலைகளை யார் கட்டினார்கள்?" என்ற கேள்விக்கு ஜப்பான் என்று ஒரு சாராரும், சோவியத் உதவி என்று இன்னொரு சாராரும் ஒற்றைச் சொல்லில் விடையளிக்கிறார்கள். இரண்டுமே அரைகுறை. அன்ஷானில் இரும்புத் தாது, ஃபுஷுனிலும் பென்ஷியிலும் நிலக்கரி, இவற்றை டாலியனோடு இணைக்கும் ரயில்பாதை என்ற அமைப்பு இயற்கையும் ரஷ்யத் தண்டவாளமும் சேர்ந்து தந்தது. 1905 இன் வெற்றிக்குப் பிறகு அந்தப் பாதையின் தென்பகுதியைப் பெற்ற ஜப்பான், 1906 இல் தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனத்தைத் தொடங்கியது. பெயரில்தான் ரயில்வே; சுரங்கம், துறைமுகம், ஆய்வகம், நகராட்சி எல்லாம் அதன் கையில் இருந்தன. அன்ஷான் இரும்பாலையை அது 1918 இல் நிறுவியது. அதே காலத்தில் படைத்தலைவர் சாங் சுவோலின் ஷென்யாங்கில் பெரிய ஆயுதச் சாலையை நடத்தினார். 1923 இல் அங்கே வடகிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. சீனர் கையில் ஒன்றுமே இல்லை என்ற சித்திரம் இங்கேயே உடைகிறது. ஜப்பானிய மூலதனத்தின் மறுபக்கம் பென்ஷி சுரங்கத்தில் தெரிகிறது: 1942 ஏப்ரல் 26 அன்று அங்கே நிகழ்ந்த வெடிப்பில் 1,549 பேர் இறந்தார்கள். உலகின் நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் அதைவிட அதிகமான உயிர்களைக் குடித்தது வேறில்லை. "ஜப்பான் கட்டிக் கொடுத்தது" என்று எழுதுகிறவர் இந்த எண்ணையும் உடன் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கட்டப்பட்டவை அப்படியே மக்கள் குடியரசின் கைக்கு வந்தன என்று நினைப்பதும் பிழை. 1945 ஆகஸ்டில் நுழைந்த சோவியத் படை, மின்னாக்கிகளையும் உருட்டாலைகளையும் கழற்றி ரயிலேற்றியது. 1946 இல் ஆய்வு செய்த அமெரிக்கத் தூதுக்குழு மஞ்சூரியா முழுவதற்குமான நேரடி இழப்பை 85.8 கோடி டாலர் என மதிப்பிட்டது. அதன்பின் உள்நாட்டுப் போர். 1948 நவம்பரில்தான் ஷென்யாங் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தது. அன்ஷானில் மங் தாய் என்ற தொழிலாளி குப்பைமேடுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த உதிரிப் பாகங்களைக் கொண்டு இரும்பு உருக்கும் ஊதுலைகளைச் சீராக்கிய செய்தி பிறகு பிரசாரமாகப் பெருக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பொறுக்க வேண்டிய நிலை இருந்ததும் உண்மை. கழற்றிச் சென்ற அதே சோவியத் ஒன்றியம் சில ஆண்டுகளில் வடிவமைப்புகளோடும் பொறியாளர்களோடும் திரும்பி வந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் புகழ்பெற்ற 156 சோவியத் உதவித் திட்டங்களில் 24 லியாவோனிங்கில் அமைந்தன. 1953 டிசம்பரில் அன்ஷானில் கனரக உருட்டாலை, இணைப்பில்லாக் குழாய் ஆலை, ஏழாம் ஊதுலை ஆகிய மூன்றும் இயங்கத் தொடங்கின. "குடியரசின் மூத்த மகன்" என்று லியாவோனிங்குக்கு வழங்கிய பட்டப்பெயர் இக்காலத்தின் பெருமையைக் குறிப்பது. மூத்த மகனுக்குரிய சுமையும் அதில் அடங்கியிருந்தது: இலாபமும் எஃகும் இயந்திரங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் திட்டக்குழு சொன்ன இடங்களுக்குப் போயின, பழைய ஆலைகளைப் புதுப்பிப்பதற்கு எஞ்சியது குறைவு.

இந்தக் காரணத்தைக் கவனிக்காதவர்கள்தான் வீழ்ச்சி 1990 களின் இறுதியில் திடீரென்று வந்தது என எழுதுகிறார்கள். 1986 ஆகஸ்டிலேயே ஷென்யாங் வெடிதடுப்புக் கருவித் தொழிற்சாலை திவாலானதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் குடியரசின் வரலாற்றில் ஒரு நிறுவனம் அப்படித் திவாலாக அறிவிக்கப்பட்டது அதுவே முதன்முறை. 1990 களின் பிற்பகுதியில் நடந்த பெருந்திரள் பணிநீக்கத்தை வேலையின்மைக் கணக்கில் தேடுவதும் பயன் தராது. சீன மொழியில் ஷியாகாங் எனப்பட்ட அந்த ஏற்பாட்டில், தொழிலாளியின் பெயர் ஆலைப் பதிவேட்டிலேயே இருக்கும். வேலையும் முழுக் கூலியும் மட்டும் இராது. பதிவுபெற்ற வேலையில்லாதோர் விகிதத்தில் அவர் சேரமாட்டார். ஷென்யாங்கின் டியேஷி, அதாவது தண்டவாளத்துக்கு மேற்கே உள்ள ஆலைப் பகுதி, தெருத்தெருவாக அடங்கிப்போன ஆண்டுகளிலும் அந்த விகிதம் அடக்கமாகவே இருந்ததன் காரணம் இதுதான்.

எண்களைப் பற்றிய எச்சரிக்கை இதோடு முடியவில்லை. மாகாணத்தின் மொத்த உற்பத்தி 2015 இல் சுமார் 2.87 லட்சம் கோடி யுவான் என்றும், 2016 இல் சுமார் 2.2 லட்சம் கோடி யுவான் என்றும் வெளியிடப்பட்டது. இவற்றைக் கழித்துப் பார்த்து, ஒரே ஆண்டில் பொருளாதாரம் 23 விழுக்காடு சரிந்துவிட்டது என்று எழுதுவது தவறு. விலைமாற்றம் நீக்கிய அதிகாரபூர்வ வளர்ச்சி வீதம் மைனஸ் 2.5 விழுக்காடு, அந்த ஆண்டில் சுருங்கியதாக ஒப்புக்கொண்ட ஒரே மாகாணம் இது. இடைவெளியில் பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளில் ஊதிவைத்திருந்த காற்று வெளியேறியதால் வந்தது. 2011 முதல் 2014 வரை நகர, வட்ட நிலைகளில் நிதிக் கணக்குகள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டன என்று மாகாண ஆளுநர் சென் ச்சியுஃபா 2017 ஜனவரியில் மாகாண மக்கள் பேரவையிலேயே ஒப்புக்கொண்டார். ஊதிப் பெருக்கிக் காட்டிய வருவாய்க் கணக்கு மேலிடத்திலிருந்து வர வேண்டிய நிதியையும் குறைத்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. 2004 முதல் 2007 வரை இங்கே கட்சிச் செயலாளராக இருந்து பின்னாளில் சீனப் பிரதமரான லி கச்சியாங், உற்பத்திக் கணக்கைவிட மின்நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் ஆகிய மூன்றையே தாம் பார்ப்பதாக அமெரிக்கத் தூதரிடம் கூறியது பின்னர் வெளியான தூதரகக் குறிப்பால் தெரியவந்தது. அந்த மூன்றையும் எல்லா மாகாணங்களுக்கும் பொது அளவுகோலாக்குவது மற்றொரு தவறு: எஃகும் சிமெண்டும் மிகுந்த இடத்தில் மின்நுகர்வு பேசும், சேவைத்துறை மிகுந்த இடத்தில் அது பாதியைத்தான் சொல்லும்.

2016 க்குப் பின் எல்லாம் முடிந்துவிட்டது என்ற தொனியும் பொருந்தாது. 2023 இல் உற்பத்தி முதன்முறையாக 3 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. டாலியன் அருகே சாங்ஷிங் தீவில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் தனியார் ஆலை இயங்குகிறது. ஷென்யாங்கில் பிஎம்டபிள்யூ கார்கள் உற்பத்தியாகின்றன. போர் விமானங்களும் அங்கேயே. அதேசமயம், ஒரு கட்டத்தில் விற்பனையில் உலகின் முதலிடத்தில் இருந்த ஷென்யாங் இயந்திரக் கருவி நிறுவனம் 2019 இல் திவால் சீரமைப்புக்கு உள்ளாயிற்று. தொழில் என்றாலே புகைபோக்கி என்று எழுதுபவர்கள் பான்ஜினின் நெல்வயல்களையும் சதுப்பு நில நண்டுகளையும் மறந்துவிடுகிறார்கள். டாலியன் சரக்குப் பரிவர்த்தனை மையத்தில் தீர்மானமாகும் சோளம், சோயா மொச்சை விலைகள் சீனா முழுவதும் கவனிக்கப்படுகின்றன.

மக்கள் குறைவதற்கு வெளியேற்றம் ஒன்றையே காரணமாகச் சொல்வது இப்போது அதிகம் காணப்படும் பிழை. 2010 இல் 4.37 கோடியாக இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 4.26 கோடியாயிற்று. இளைஞர்கள் தெற்கே போகிறார்கள் என்பது சரி. ஆனால் அரசு ஆலைகளில் வேலை பார்த்தோர் மிகுந்த இந்த நகரங்களில் ஒரு குழந்தைக் கொள்கையை மீறியவர் வேலையையும் வீட்டையும் இழக்கும் நிலை இருந்ததால், அது நாட்டுப்புற மாகாணங்களைவிட இறுக்கமாகச் செயல்பட்டது. 65 வயதைக் கடந்தோர் 2020 இல் 17.42 விழுக்காடு, சீன மாகாணங்களிலேயே அது மிக உயர்ந்த விகிதம். 1953 இல் அன்ஷானின் ஊதுலைக்குத் தேடிப்பிடித்து அழைத்துவரப்பட்ட தலைமுறைக்குப் பிறந்த பிள்ளைகளும் இப்போது ஓய்வூதியம் பெறுகிறார்கள்.